கோதண்டபாணிக்கு வந்த வேலை

கே.ஜி.கண்டிகை,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகள் ப்ளெஸ்ஸிக்கு உன் அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் நைனாவும் தங்கச்சி ஈவ்லினும் சுகமாக இருக்கிறோம். எந்நேரமும் மழை பெய்கிற அந்த டப்ளின் ஊரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று படுக்கும்போதும் எழும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போன் இருக்கும்போது இவள் ஏன் உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தாலே நீ குறுக்கே வந்து சமாதானம் சொல்கிறாய், சொல்ல வந்தது நின்றுவிடுகிறது. போன வாரம் "விட்டுடும்மா, அவன்தான் சாரி கேட்டுட்டானே" என்று சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், ஈவ்லின் படம் பிடித்து அனுப்புவாள், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசு.

முதலில் வீட்டுச் சமாசாரம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் நல்ல கூட்டம், ஆந்திராவிலிருந்து காவடி எடுத்து வந்தவர்களை ஏற்றி இறக்கி நைனாவுக்கு ஆட்டோ ஓட்டம் ஓயவில்லை, அதற்கப்புறம் முட்டி வீங்கிப் படுத்துவிட்டார், இப்போது பரவாயில்லை. மாத்திரையை மறந்தது போல நடிக்கிறார், போனில் நீ கொஞ்சம் அதட்டி வை. பால்வாடியில் எனக்கு வேலை வழக்கம்போலத்தான். புது டீச்சர் நல்ல பெண், பிள்ளைகளை அடிப்பதில்லை. பின்பக்கம் நீ நட்ட முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது, முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோதண்டபாணியை உனக்குத் தெரியும். ஊர்ப் பக்கம் கரும்புத் தோட்டம் எல்லாம் அவருடையது, திருத்தணியில் கல்யாண மண்டபமும் வைத்திருக்கிறார், நானும் கல்யாணமான புதிதில் அவர் கரும்பு வெட்டியவள்தான். ஈவ்லின் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்த அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் எல்லோர் முன்னாலும் "கரண்டு படிச்சிட்டியா, எங்க ஊட்டு பல்பு ஒண்ணு ஃபீஸ் போயிருக்குது, வந்து மாத்திட்டுப் போ" என்று சொன்னாரே, அந்த ஆள். அவருடைய மகன் நவீன்குமார், பள்ளிக்கூடத்தில் உனக்கு மேல் வகுப்பில் படித்தவன், சென்னையில் கம்பெனி ஆரம்பித்து, பின்தங்கிய சனங்களுக்கு வேலை தேடித் தருகிற ஆப் ஒன்று செய்கிறேன் என்று நம் காலனிக்கு வந்தான். அதற்கு ஏணி என்று பேர். நம் சபை ஹாலில்தான் கூட்டம் போட்டான். கூட வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு கலர்த் தாள் கொடுத்து, "உங்க கனவை எழுதுங்க, அதை வெச்சுத்தான் நாங்க இதை டிசைன் பண்ணப் போறோம்" என்றார்கள். எங்களை அப்படி யார் கேட்டிருக்கிறார்கள், நீயே சொல். அடுத்த வீட்டுப் புஷ்பலதா, ஹோட்டல் வைக்க வேண்டும், வாசலில் என் பேர் போட்ட போர்டு தொங்க வேண்டும் என்று எழுதினாள். அவள் மகள் யுவஸ்ரீ டிவியில் செய்தி வாசிக்க வேண்டும் என்று எழுதினாள். ஈவ்லின் ரயில் ஓட்ட வேண்டும் என்று எழுதினாள். அரக்கோணத்துக்கு ரயில்வே கோச்சிங் போய்க்கொண்டிருந்தாள் அல்லவா, அந்த நினைப்பு. தாளையெல்லாம் சுவரில் ஒட்டி, அதற்கு முன்னால் எங்களை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அறுப்பின் பண்டிகைக்கு வெள்ளையடிக்கிற வரைக்கும் அந்தத் தாள்கள் சுவரிலேயே இருந்தன.

அப்புறம் ஆப் வந்தது. கோதண்டபாணியின் கரும்புவெட்டு மேஸ்திரி கண்ணையன் வீடு வீடாக வந்து, எங்கள் போனை வாங்கி, வந்த நம்பரைப் போட்டு, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லோரையும் அதில் பதிந்துவிட்டுப் போனான். ஈவ்லின் மட்டும் தானே பதிகிறேன் என்றாள். படிப்பு போட்டாள், மார்க் போட்டாள், எல்லாம் சரியாகத்தான் போனது. எந்தத் தெரு என்று கேட்டது, காலனி என்று போட்டாள். அவ்வளவுதான், அதுவரை திரையில் இருந்த வேலைகள் எல்லாம் மறைந்துவிட்டன. கரும்பு வெட்டு, மாட்டுக் கொட்டகை, பாத்திரம் தேய்ப்பது, கக்கூஸ் கழுவுவது, இவ்வளவுதான் மிச்சம். தப்பாக அழுத்திவிட்டேனோ என்று அவள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனில் கைதட்டுகிற சத்தம் வந்தது, பத்துப் பேர் கைதட்டுகிற மாதிரி. அப்புறம் ஒரு பெண் குரல், வாழ்த்துகள், உங்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது, கோதண்டபாணி இல்லம், பாத்திரம் தேய்க்க, என்று சொன்னது. ப்ளெஸ்ஸி, அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருந்தால் அவனுக்காக என்னிடம் பேசியிருக்க மாட்டாய். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அதற்கு அடுத்த நாள் கண்ணையன் வாசலில் வந்து நின்று, "இன்னா, உன் பொண்ணு வரல? ஐயா ஊட்ல பாத்திரம் அப்படியே கெடக்குது, ஆப்புல வந்துச்சுல்ல" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டான். அன்றோடு ஈவ்லின் கோச்சிங் போவதை நிறுத்திவிட்டாள். புத்தகங்களைக் கட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். ரயில் போகிற சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள். நைனா கெஞ்சிப் பார்த்தார், "போனு சொல்றதுக்கெல்லாம் எங்கனா பீல் பண்ணுவாங்களாம்மா" என்று. அவள், "போனு சொல்லல நைனா, அவங்க சொல்ல வெச்சிருக்காங்க" என்றாள்.

நான் அழவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆயர் நம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார். பார்த்துக்கொள்ளட்டும், அவருக்கு நிறைய வேலை இருக்கிறது, இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், ஏணியை ஊர் ஊராகக் கொண்டு போகப் போகிறார்கள், கோதண்டபாணி மண்டபத்தில் விழா என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நவீன்குமார் எங்கே போனாலும் ஒரே வித்தைதான் காட்டுவான், ஆப் வந்த புதிதில் சபை ஹாலிலும் காட்டினான். பெரிய திரையில் ஒரு வேலையை அழுத்துவான், கடைசியாக யார் சேர்ந்தார்களோ அவர்கள் படம் முதலில் வரும், உடனே அவர்கள் போன் அடிக்கும். அதை நினைத்துப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

விழாவுக்கு முந்தின நாள் பால்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு, ஈவ்லினுக்குப் பதிலாக நான் கோதண்டபாணி வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் கோமளவல்லி என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டார், "நீ எதுக்கு வந்த தேவசுந்தரி, நீ பால்வாடியில இருக்கிறவளாச்சே" என்றார். அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொல்லையில் குவிந்து கிடந்த அண்டா குண்டானையெல்லாம் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்தேன். ஒவ்வொரு பாத்திரத்தையும் தேய்க்கும்போது அந்த ஆளின் முகத்தைத்தான் தேய்த்தேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்து வாசலில் நின்றேன். அவர் பனியனோடு சாய்வு நாற்காலியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் ஆப்பில் இருந்து அவருக்கு ஒரு நம்பர் வரும், அதை எங்களிடம் சொல்ல வேண்டும், அது அவருக்குப் பழக்கம். நான் போனில் புது ஆள் சேர்க்கிற இடத்தைத் திறந்து அவர் போன் நம்பரைப் போட்டேன். கண்ணையன் எங்களைச் சேர்த்ததைப் பார்த்துக்கொண்டுதானே நின்றேன். "ஐயா, நம்பர் வந்திருக்குமே, சொல்லுங்க" என்றேன். ஆள் சேர்ப்புக்கு வந்த நம்பரை வேலை முடிந்த நம்பர் என்று நினைத்து, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் படித்துச் சொன்னார். "ஒரு போட்டோவும் கேக்குதுங்க ஐயா" என்றேன். அதற்கு மட்டும் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்துகொண்டார். தெருவுக்கு மட்டும் நம் காலனியைப் போட்டேன். என்ன வேலை தெரியும் என்று நான் ஒன்றும் போடவில்லை, போடவும் தேவை இல்லை. எங்களுக்குக் கொடுத்த அதே நாலு வேலையை அதுவே அவருக்கும் கொடுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஈவ்லினிடம் காட்டினேன். முதலில், "அய்யோ அம்மா, போலீஸ் வந்துடும்மா" என்று பயந்தாள். அப்புறம் அந்தப் பனியன் போட்டோவைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் என் பிள்ளை சிரித்தாள்.

விழாவுக்கு எங்களையெல்லாம் வேனில் கூட்டிக்கொண்டு போனார்கள், எல்லோருக்கும் ஒரே கலர்ச் சேலை, முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் பெங்களூர்க்காரர்கள், நடுவில் கோதண்டபாணி பட்டு வேட்டியோடு மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நவீன்குமார் இங்கிலீஷிலும் தமிழிலும் பேசினான், எங்கள் கனவுகளைக் கேட்டுத்தான் இதைச் செய்தானாம், சுவரில் ஒட்டின தாளோடு எங்கள் போட்டோவைப் பெரிதாகக் காட்டினான். அதில் ஈவ்லின் கையில் ரயில் என்று எழுதின தாள் தெரிந்தது. எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. அப்புறம், இன்றைக்கு இந்த மண்டபத்திலேயே விருந்து, பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டும், பாருங்கள் ஒரு நொடியில் என்று அழுத்தினான். திரை முழுக்கக் கோதண்டபாணி, பனியனும் துண்டுமாக. கீழே கே.ஜி.கண்டிகை காலனி, பாத்திரம், மாட்டுக் கொட்டகை, கக்கூஸ், கரும்பு வெட்டு. அதே நேரம் மேடையில் அவர் இடுப்பில் போன் அடித்தது. காது மந்தம் அல்லவா, எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எடுத்தார். கைதட்டல் சத்தம், அப்புறம் அந்தக் குரல், வாழ்த்துகள், உங்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. புஷ்பலதாதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தாள், அப்புறம் எங்கள் வரிசை முழுக்கச் சிரித்தது, பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். கோதண்டபாணி எழுந்து, "எவடி என்னை அந்தக் காலனியில சேத்தது? நான் இன்னா அந்த ஜாதியா?" என்று கத்தினார். அதுவும் மைக்கில் போனது. அந்தக் கத்தல் இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது, ப்ளெஸ்ஸி. துளிகூட வருத்தம் இல்லை.

மேடையில் இருந்த பெங்களூர்க்காரர்களில் ஒரு அம்மாள் அவர் என்ன சொன்னார் என்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார். தவறுதலாகப் பதிந்திருந்தால் வேறு வேலையை மாற்றிக் காட்டுங்கள் என்று நவீன்குமாரிடம் சொன்னார். அவனும் வேர்க்க வேர்க்க அழுத்திப் பார்த்தான். அந்தத் தெரு இருக்கிற வரைக்கும் வேறு ஒன்றும் வரவில்லை. தெருவை எடுத்துவிட்டு அவர்கள் வீட்டுத் தெருவைப் போட்டதும் கணக்கர், மேனேஜர், சூப்பர்வைசர் என்று வரிசையாக வந்து நின்றது. அந்த அம்மாள் முகம் மாறிவிட்டது. கீழே இறங்கி வந்து, இங்கே யாராவது வேறு வேலை கேட்டீர்களா என்று தமிழில் தட்டுத் தடுமாறிக் கேட்டார். நான் ஈவ்லினைப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன். அவளே எழுந்தாள். "நான் ரயில் ஓட்டணும்ங்க. கூட்டத்துல கேட்டாங்க, சொன்னேன். எழுதியும் குடுத்தேன், இப்பகூட அந்தப் போட்டோவ காட்டினாங்க. ஆனா இதுல அந்த பட்டனே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். விழா அத்தோடு முடிந்தது. விருந்துக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை, நாங்கள் பஸ் ஏறி வந்துவிட்டோம்.

அதற்கப்புறம் எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று நினைக்காதே. நம்பர் கேட்டு வாங்கியது நான்தான் என்று நினைவு வந்ததும் கோதண்டபாணி போலீசுக்குப் போகிறேன், அவள் பால்வாடி வேலையைப் பிடுங்குகிறேன் என்று குதித்தார். வக்கீல் மோகனப்ரியாவிடம் போயிருக்கிறார். "இன்னானு எழுதிக் குடுப்பீங்க சார்? காலனின்னு போட்டதால மானம் போச்சுன்னா? அந்தக் காகிதம் உங்களையேதான் உள்ள தள்ளும்" என்று அந்தப் பெண் சொன்னாளாம். வக்கீல் குமாஸ்தா, நைனாவின் ஆட்டோவில் வந்தபோது சொன்னது. அதனால் கேஸ் இல்லை. ஆனால் இந்தப் பருவத்துக்கு நம் காலனியில் ஒருவரையும் கரும்பு வெட்டக் கூப்பிடக் கூடாது என்று கண்ணையனிடம் சொல்லிவிட்டார். நம் சனங்கள் திருவாலங்காட்டுப் பக்கம் வேலை தேடிக்கொண்டு போகிறார்கள். புஷ்பலதாவின் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை, "உன் பொண்ணு ரயிலு ஓட்ட நாங்க பட்டினியா கெடக்கணுமா" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். புஷ்பலதா மட்டும் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். நல்லது என்றால் ஈவ்லின் விழாவுக்கு மறுநாளே மூட்டைக்குப் பின்னாலிருந்து புத்தகங்களை எடுத்துத் தூசு தட்டினாள். முதல் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டாள், உனக்குத் தெரியும்.

ஆப்பை நிறுத்திவிட்டு நவீன்குமார் நம் வீட்டுக்கு வந்தான். டீ கொடுத்தேன், குடித்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். "ஆன்ட்டி, நான் வேணும்னு பண்ணல. எந்தத் தெருவுல யார் இன்னா வேலை செய்றாங்கன்னு கணக்கெடுத்தோம், அதுவே அப்படிப் போட்டுக்கிச்சு" என்றான். "நாங்க செஞ்சிக்கினு இருக்கறத கணக்கெடுத்தியே தம்பி, நாங்க ஆகணும்னு சொன்னத எங்க போட்ட?" என்று கேட்டேன். "சாரி ஆன்ட்டி" என்றான். அப்புறம்தான் உன்னிடம் பேசியிருக்கிறான், நீ வந்து இதைப் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று. எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதானே உன் வேலை.

அதற்கு என் பதில் இதுதான். செய். உன்னைத் தடுக்க மாட்டேன், நீ மறுத்தால் எங்கள் தெருவைக் கண்ணால் பார்க்காத ஒருவன் செய்வான். ஆனால் முதல் கேள்வியாக அது எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்கக் கூடாது. என்ன ஆக வேண்டும் என்று கேட்கட்டும். ஒரு பெண் ரயில் என்று சொன்னால் எந்தப் பரீட்சை, எப்போது எழுத வேண்டும், நம் பக்கத்திலிருந்து போய் அந்த வேலையில் இருப்பவர் யார், அவரோடு பேசலாமா என்று காட்டட்டும். புஷ்பலதா ஹோட்டல் என்றால் லைசென்சுக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்லட்டும். வழி தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லட்டும், அதற்குப் பதிலாகப் பாத்திரத்தை நீட்டக் கூடாது. இதையெல்லாம் பேசி முடிவு செய்கிற மேஜையில் ஈவ்லினுக்கும் புஷ்பலதாவுக்கும் நாற்காலி வேண்டும், சுவரில் போட்டோ போதாது. இதற்கு அவன் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு கோடுகூட வரைந்து கொடுக்காதே. கரும்புவெட்டுக்கு எங்கள் ஆட்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி அவன் அப்பனிடம் அவனே பேச வேண்டும், அதையும் சேர்த்துச் சொல்.

ஆனால் நீ சொன்ன மன்னிப்பு மட்டும் என்னிடம் இல்லை. கோதண்டபாணி நம் வீட்டுக் கொல்லையில் குந்திக்கொண்டு ஒரு டம்ளராவது தேய்க்க வேண்டும் என்று இன்னமும் ஆசையாகத்தான் இருக்கிறது, வேலை செய்யும்போது அதை நினைத்துக்கொள்கிறேன், கை சுறுசுறுப்பாக ஓடுகிறது. போன திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து அப்பம் வாங்கப் பீடத்தண்டை போனார்கள், மன்னிக்காத மனதோடு அதை வாங்கக் கூடாதே என்று நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நைனாவுக்கு அவமானமாகிவிட்டது. ஆராதனை முடிந்து ஆயர் வந்து, இப்படி மனதில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டார். "பொய் சொல்லிக்கினு அப்பத்த வாயில வெக்கறதுக்குப் பதிலா, உண்மையா உக்காந்திருக்கறேன் ஐயா" என்றேன். அவர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த திருவிருந்துக்கும் உட்கார்ந்துதான் இருப்பேன் என்று நினைக்கிறேன். என்றைக்காவது எழுந்து போனால் அன்றைக்கு நானே உனக்குச் சொல்லி அனுப்புகிறேன், அதுவரை நீ என்னை அவசரப்படுத்தாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, நைனாவை அதட்ட மறக்காதே. வருகிற செவ்வாய்க்கிழமை ஈவ்லினுக்குச் சென்னையில் அடுத்த பரீட்சை. அன்று காலையில் போன் பண்ணாதே, படபடப்பாகிவிடும், நீ இருக்கிற இடத்திலிருந்தே ஜெபம் பண்ணு. உன்னைப் பெற்ற தெரு தலை குனிகிற மாதிரி ஒரு பட்டனையும் நீ வைக்காதபடிக்கு கர்த்தர் உன் விரலைப் பிடித்து நடத்தட்டும். நீ நீடூழி வாழ வேண்டும் மகளே.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தணியாத உன் அம்மா,
பா. தேவசுந்தரி